ஏற்றத்தில் மட்டும் உடன் நடந்தவர்

செய்தி ஒரு புகைப்படமாக வந்தது. காலையில் அலுவலகத்தில் என் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் திணைக்களத்தில் முன்பு வேலை செய்தவர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், கறுப்புக் கரை போட்ட சட்டத்துக்குள் கௌசலா அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். படத்தின் கீழே அவர் பெயரும் ஊரும் இருந்தன. நான் முதலில் பார்த்தது அவற்றை அல்ல. அவருடைய தோளுக்குப் பக்கத்தில் நீலச் சேலையின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது. அது என் சேலை. அவருடைய பிரியாவிடை அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து நின்ற படத்தை யாரோ வெட்டியெடுத்திருந்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்பது புரிவதற்கு முன்பே, அவர் பக்கத்திலிருந்து நான் வெட்டப்பட்டிருக்கிறேன் என்பது புரிந்தது.

டெங்குக் காய்ச்சல் என்றார்கள். கும்பிடும் கைகள் குழுவில் வரிசையாக வந்து விழுந்தன. மத்தியானத்துக்குள் லீவு பற்றிய ஒரு சுற்றறிக்கையை யாரோ போட, அதற்குக் கீழே வேறு பேச்சுத் தொடங்கிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் நான் அன்றைய கடிதங்களை மொழிபெயர்த்து முடித்தேன். சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை.

இந்த நினைவு மலரை வாசிக்கிற பெரும்பாலானோர் அவரை யாழ்ப்பாணத்தில் அறிந்தவர்கள். உங்களுக்கு அவர் உறவுக்காரர், பள்ளித் தோழி, பக்கத்து வீட்டுக்காரர். அவர் பதுளையில் கழித்த வருடங்களைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்காது. அவரும் சொல்லியிருக்க மாட்டார். அங்கே அவர் எப்படி இருந்தார் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவில் இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். மேல்மாடியின் கடைசி அறை எங்களுடையது. சிங்களத்தில் வரும் கடிதங்களைத் தமிழில் ஆக்கி அனுப்புவது எங்கள் வேலை. சன்னலைத் திறந்தால் நமுனுகுலை மலை தெரிய வேண்டும். பெரும்பாலும் முகில்தான் தெரியும்.

வடக்கிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் ஒரு பெட்டியும் ஒரு பை நிறைய மிளகாய்த்தூளும் கொண்டுவருவார்கள். அக்கா அவற்றோடு ஒரு சைக்கிளும் கொண்டுவந்தார். ரயிலில் பார்சலாகப் போட்டு, கொழும்பில் மாற்றி, பதுளை ரயில் நிலையத்தில் வந்து இறக்கிக்கொண்டார். பதுளையைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு வேடிக்கை என்று தெரியும். கடைத்தெருவில் கொஞ்சம் சமதரை உண்டு. மற்றதெல்லாம் ஏற்றம் அல்லது இறக்கம். எங்கள் ஊர்களில் பெண்கள் சைக்கிள் ஓட்டுவது அபூர்வம். ஆண்களே ஓட்டுவதில்லை. எங்கள் அலுவலகமோ ஊருக்கு மேலே, வளைந்து வளைந்து ஏறும் ஒரு சாலையின் முடிவில் இருக்கிறது.

முதல் நாள் அவர் வியர்வையில் நனைந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்ததை அலுவலகமே சன்னல்களில் நின்று பார்த்தது. அலுவலக உதவியாளர் முத்தையா அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“என்னங்க மிஸ், எங்க தோட்டத்துல மாட்டத்தான் இப்படிப் புடிச்சி மேட்டுல ஏத்துவாங்க. நீங்க சைக்கிள ஏத்துறீங்க.”

“மாடு எண்டால் புல்லுப் போட வேணும் அண்ணை. இது ஒண்டும் கேளாது.”

“கேக்காதுங்க. ஆனா உங்க மூச்சப் பூரா வாங்கிக்கிட்டுதே.”

ஏன் கொண்டுவந்தீர்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். “சைக்கிள் இல்லாமல் ஒரு ஊருக்கு வேலைக்குப் போறது எனக்கு யோசிக்கவே வரேல்லைப் பிள்ளை. மலைநாடு எண்டு தெரியும். மலை எண்டால் ஊரைச் சுத்தி நிக்கும் எண்டு நினைச்சன். ஊரே மலையில ஏறி நிக்கும் எண்டு நினைக்கேல்லை.”

திருப்பி அனுப்பிவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் அனுப்பவில்லை. காலையில் தள்ளிக்கொண்டு ஏறினார், மாலையில் ஓட்டிக்கொண்டு இறங்கினார். “ஏத்தத்தில அது ஊண்டுகோல். இறக்கத்திலதான் சைக்கிள்” என்பார். பதுளைக்காரர்களுக்கும் சில மாதங்களில் பழகிவிட்டது. சைக்கிள் மிஸ் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை அறையில் இருக்கிறேன். என் வீடு மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றில். தினமும் போய்வர முடியாத தூரம், அப்படி ஒரு சாலை. எனவே காலையில் நானும் அதே ஏற்றத்தில்தான் நடந்து போவேன். முதல் வாரமே அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்: “நில்லும் பிள்ளை, நானும் வாறன்.” அன்றிலிருந்து நாங்கள் சேர்ந்து ஏறினோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் சைக்கிள். என் கைப்பையும் குடையும் அதன் கூடையில் இருக்கும்.

அந்த ஏற்றத்தில் நாங்கள் பேசியவற்றை இப்போது கோவையாகச் சொல்ல முடியாது. மூச்சு வாங்கும்போது யாரும் நீளமாகப் பேசுவதில்லை. வாசிப்பைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். பொது நூலகத்திலிருந்து அவர் எடுக்கும் நாவல்களில் முதலில் கடைசிப் பக்கத்தை வாசித்துவிடுவார். அது எனக்குப் பொறுக்காது.

“அப்புறம் எதுக்குங்க அக்கா மத்தத வாசிக்கிறீங்க?”

“முடிவு தெரிஞ்சால் பயமில்லாமல் வாசிக்கலாம். நீர் பயந்து பயந்து வாசிக்கிறீர். அதால அரைவாசி உமக்குத் தெரியிறேல்லை.”

நான் இல்லை என்பேன். அடுத்த வளைவு வரை வாக்குவாதம் நடக்கும். ஆனால் அலுவலக வாசலோடு அந்தப் பேச்சு நின்றுவிடும். அறைக்குள் நாங்கள் இருவரும் கடிதங்களுக்கு மேல் குனிந்திருப்போம். மாலையில் அவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால், என்னைத் தாண்டும்போது மணியை ஒருமுறை அடிப்பார். அதற்குள் வளைவில் மறைந்துவிடுவார். சைக்கிள் யாருக்காகவும் இறக்கத்தில் நிற்காது. மிச்ச வழியை நான் தனியாக இறங்குவேன். அவர் அறைக்கு நான் போனதில்லை, என் அறைக்கு அவர் வந்ததில்லை. அழைக்கத் தெரியாத இரண்டு பேர் நாங்கள். ஏற்றம் ஒன்றுதான் எங்களுக்கு இருந்தது.

வடக்கிலிருந்து வருகிறவர்கள் பொறுப்பேற்ற வாரத்திலேயே ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிவிடுவது எங்கள் அலுவலகத்தில் வழக்கம். வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் பையோடு ஓடுவார்கள், திங்கள் காலை கண் சிவந்து வருவார்கள். அக்காவும் வந்ததும் எழுதிக் கொடுத்தார், வருடம்தோறும் புதுப்பித்தார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் ஓடவில்லை. நல்லநாள் பெரியநாளுக்கு மட்டும் போனார். ஒருநாள் ஏற்றத்தில் நின்று இளைப்பாறியபோது சொன்னார்: “இஞ்ச என்னை ஒருத்தருக்கும் தெரியாது. நான் ஆரின்ர மகள், ஏன் இன்னும் கலியாணம் கட்டேல்லை எண்டு கேக்க ஆளில்லை. சைக்கிள் மிஸ் எண்டுறதோட சரி. அது எவ்வளவு நல்லது எண்டு உமக்கு விளங்காது.”

எனக்கு விளங்கியது. என்னையும் அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அவருக்கு அது நல்லதாக இருந்தது. எனக்கு அப்படி இருக்கவில்லை. அந்த வித்தியாசத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

பிறகு அந்த மார்கழி வந்தது. கடலில் ஒரு புயல் ஒதுங்கிப் போன கையோடு மலைநாட்டில் குளிர் இறங்கியது. எங்களுக்குக் குளிர் புதிதல்ல. ஆனால் பதுளை நகரம் ஹப்புத்தளை போலக் குளிருகிற ஊர் அல்ல. அந்த வாரம் மத்தியானத்திலும் பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தன. கடைக்காரர்கள் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். அறைகளில் தரை ஈரம் காயவில்லை. அக்கா இரண்டு சுவெட்டருக்கு மேல் ஆண்களின் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு, கைகளில் காலுறைகளை மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிவந்தார். சாலையோரம் கீரை விற்கும் அம்மா ஒருவர் கத்தினார்:

“ஐயோ மிஸ்! காலுல போடுறதக் கையில போட்டுட்டீங்களே!”

“சைக்கிள் தள்ளுறவளுக்குக் கையும் கால்தான் அம்மா!”

அந்த அம்மா கூடையைத் தட்டிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. இவ்வளவு வருடத்தில் குளிர் பழகவில்லையா என்று கேட்டேன். “குளிரை ஆரும் பழகிறேல்லை. சொல்லாமல் இருக்கத்தான் பழகினம்” என்றார்.

அந்த வாரத்தில் ஒருநாள் உடம்பைச் சூடாக்குவதற்காக அவர் ஒரு காரியம் செய்தார். ஏற்றத்தின் தொடக்கத்திலேயே சைக்கிளில் ஏறி, எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கினார். “ஒருநாளாவது ஏறிப் பாக்கிறன்” என்று என்னை விட்டுவிட்டுப் போனார். முன்சக்கரம் அங்கும் இங்கும் ஆட, மழைக்கோட்டின் முதுகு மூடுபனியின் வெள்ளைக்குள் போய் மறைந்தது. நான் பின்னால் நடந்தேன். சாலையில் எனக்கு முன்னும் பின்னும் எதுவும் தெரியவில்லை. என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நடுவழியில், கோயில் வளைவில், சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார்.

“முடியலையாங்க அக்கா?”

“ஏறலாம். நல்லா ஏறலாம். ஆனா வாய்க்கு வேலை இல்லை” என்றார். மிச்சத்தை நடந்து ஏறினோம்.

மாற்றல் உத்தரவு வந்தது அந்த வாரத்தில்தான். யாழ்ப்பாணத்துக்கே, வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய ஓர் அலுவலகத்துக்கு. கேட்டுக் கேட்டுக் கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எல்லோரும் வந்து கை கொடுத்தார்கள், கேக் வெட்டினார்கள். முத்தையா அண்ணன், “இனி சைக்கிளுக்கு விடுதல” என்றார். திங்கட்கிழமைக்குள் ஏற்றுக்கொள்வதாகவோ இல்லையென்றோ எழுத்தில் கொடுக்க வேண்டும். அக்கா கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் நின்றார். அறையிலிருந்து எல்லோரும் போன பிறகு தன் கைபேசியை என்னிடம் நீட்டினார்.

அதில் ஒரு வீடியோ. கனடாவில் இருக்கும் அவருடைய தம்பி அனுப்பியது. அங்கே அந்த வருடம் வழக்கத்துக்கு முன்னதாகவே பெரும் பனி கொட்டியிருந்தது. கார்கள் எல்லாம் வெள்ளை மேடுகளாகப் புதைந்திருந்த ஒரு நகரத் தெருவில், உருண்டையாக உடுத்திய ஓர் ஆள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருகிறார். சக்கரம் சறுக்குகிறது. காலை ஊன்றுகிறார், மறுபடி மிதிக்கிறார்.

“உது தம்பிதான். காரை வெளியால எடுக்கேலாதாம். சைக்கிள்ல வேலைக்குப் போறானாம். எங்கட வீட்டு ஆக்களுக்கு உது விடாது.”

அதற்குக் கீழே அவன் குரலில் ஒரு செய்தி. அதையும் போட்டுக் காட்டினார். பனியில் மூச்சிரைத்தபடி பேசியிருந்தான். “அக்கா, ஓடரை ஏற்றுக்கொள்ளுங்கோ. அம்மாவால இனித் தனிய எழும்பேலாது. நான் வரேலாது. வேற ஆர் இருக்கினம்?”

அவர் கைபேசியை வாங்கிப் பைக்குள் போட்டார். “அவன் சொல்லுறது சரி” என்றார். பிறகு, “சரிதானே?” என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் யாரோ கடிதக் கட்டோடு உள்ளே வந்துவிட்டார்கள்.

அதே நாட்களில் எங்கள் மடுல்சீமையில் ஸ்னோ விழுந்ததாக ஒரு வீடியோ எல்லோர் கைபேசியிலும் சுற்றிக்கொண்டிருந்தது. எந்த நாட்டில் எடுத்ததோ தெரியாது. பொய் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் சனிக்கிழமை காலை எனக்கு அழைப்பெடுத்து, “உங்கட ஊர் ஸ்னோவை ஒருக்காப் பாக்க வேணும். கூட்டிக்கொண்டு போவீரோ?” என்றார். யாரும் என் வீட்டுக்கு வருகிறேன் என்று அதுவரை கேட்டதில்லை. மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் செல்வம் மாமாவின் லொறியில் போகலாம் என்றேன். அக்கா சைக்கிளோடு வந்து நின்றார்.

“மிஸ், கோவா ஏத்தியிருக்கேன், கரட் ஏத்தியிருக்கேன். சைக்கிள் ஏத்துறது இதான் மொதத் தடவ. அங்க ஓட்ட எடம் வேணுமே?” என்றார் மாமா.

“ஏத்தத்தை நீங்கள் பாருங்கோ. இறக்கத்தை நான் பாக்கிறன்.”

தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் எங்கள் வீடு இரண்டு சின்ன அறைகள். அம்மா அடுப்பு நெருப்பைக் கிளறிவிட்டு, இருக்கிற கம்பளியையெல்லாம் அக்காவின் மேல் போட்டார். ஸ்னோ பார்க்க வந்திருக்கிறார் என்றதும் வாய்விட்டுச் சிரித்தார். “ஸ்னோவும் இல்ல, கினோவும் இல்ல தாயி. எவனோ வேல இல்லாதவன் கெளப்பி விட்டிருக்கான். விடியட்டும், எங்க ஊரு வெள்ளயக் காட்டுறேன்.”

விடிந்ததும் மூவரும் லயத்துக்கு மேலே போனோம். தேயிலைக்கு நடுவே இருந்த புல்தரை முழுக்க வெள்ளை. ஒவ்வொரு சிலந்தி வலையும் நெய்த துணிபோலத் தடித்துத் தெரிந்தது. அக்கா குனிந்து தொட்டார். விரலில் தண்ணீர்தான் ஒட்டியது. அவர் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். “பரவாயில்லை. தம்பிக்கு அனுப்ப இது போதும்” என்று படம் எடுத்தார். அம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னார்: “பாவம்டி இந்தப் புள்ள. ஒண்டியாவே இருந்து பழகிருச்சு.” அம்மா என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. ஒருவேளை எனக்குக் கேட்காதபோது சொல்லியிருக்கலாம்.

பதுளைக்குத் திரும்பும் வழியில், பசறைப் பக்கம் இறங்கும் சாலையில் என்னைச் சைக்கிளின் பின்கரியரில் ஏறச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். எனக்குப் பழக்கமில்லை, விழுந்துவிடுவேன், யாராவது பார்ப்பார்கள் என்று எல்லாம் சொன்னேன்.

“பாக்கட்டும். எங்கட ஊரில மூண்டு பேர் போவினம். ஏறும் பிள்ளை, ஏத்தமெல்லாம் நடந்தனீர்.”

ஏறினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஒரு வேகத்தில் போனதில்லை. தேயிலைச் சரிவுகள் ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடின. காற்று காதைக் கிள்ளியது. வளைவுக்கு வளைவு நான் கத்தினேன், அவர் அதைவிடச் சத்தமாகச் சிரித்தார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் திண்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து நின்றே விட்டார். பிறகு திடீரென்று அக்கா சிரிப்பை நிறுத்தினார். “பிரேக் பிடிபடேல்லை” என்றார். பிரேக்கில் கோளாறு இல்லை, விரல்கள் விறைத்துவிட்டன. “காலை ஊண்டும்! ரெண்டு காலையும்!” இருவரும் நான்கு செருப்புகளையும் சாலையில் உரசிக்கொண்டு போய், ஒரு மண்திட்டில் முட்டி நின்றோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் செருப்பு வார் மட்டும் அறுந்திருந்தது.

அவர் கைகளில் அப்போதும் காலுறைகள் இருந்தன. காலுறைகளைக் கழற்றி, அந்தக் கைகளை என் சுவெட்டருக்குள் இழுத்து வைத்துக்கொண்டேன். பச்சைத் தண்ணீரில் போட்டெடுத்தவை போலக் குளிர்ந்திருந்தன. அப்படியே திட்டில் உட்கார்ந்திருந்தோம். சாலையில் ஒருவரும் இல்லை.

“நான் போகட்டோ?” என்று கேட்டார்.

எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருடைய அம்மாவைப் பார்க்க வேறு ஆளில்லை என்பதும் தெரியும். போங்கள் என்று சொல்வதுதான் ஒழுங்கு. அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

“போகாதீங்க அக்கா” என்றேன்.

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கைகளை எடுத்துக்கொண்டு, “ஏறும். இருந்தால் இன்னும் குளிரும்” என்றார். பசறைக்குப் போகும்வரை அவர் மெதுவாகவே ஓட்டினார்.

திங்கட்கிழமை ஏற்றத்தில் இருவரும் பேசவில்லை. அலுவலகத்தில் அவர் ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். எழுதியதை எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. அதில் அவர்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. என் அம்மா தனியே எழும்ப முடியாமல் இருந்தால் நானும் போயிருப்பேன்.

அவர் போன பிறகும் எங்கள் பிரிவுக்கு வேறு ஆள் போடவில்லை. காலை ஏற்றம் நீண்டுவிட்டது. கைப்பை கனத்தது. சில வாரங்கள் கழித்து, ஒருநாள் அதே நேரத்தில், சரியாக நான் ஏறிக்கொண்டிருக்கும்போது, கைபேசி அடித்தது.

“மூச்சு வாங்குது. எந்த இடம்?”

“கோயில் வளைவுங்க அக்கா.”

“அப்ப பாதி வந்திட்டீர். இனி ஏதாவது கதையும் பிள்ளை.”

அப்படி வாரத்தில் சில நாட்கள் அழைப்பார். நான் ஏறுவேன், அவர் தன் அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு போவதற்கு முன் வீட்டு வாசல் படலையடியில் நின்று பேசுவார். ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு ஒருமுறை சொன்னார்: “இஞ்ச ஏத்தமே இல்லைப் பிள்ளை. ஒருத்தரும் சைக்கிளால இறங்கிறேல்லை. காலமை எத்தினை சனம் எனக்குப் பக்கத்தால போகுது தெரியுமே? எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள். தலையை ஆட்டிப்போட்டுப் போவினம்.” குறையாகச் சொல்லவில்லை. எதையோ கண்டுபிடித்தவர்போலச் சொன்னார்.

அவருடைய அம்மாவின் உடல்நிலை மோசமாக ஆக அழைப்புகள் குறைந்தன. காலைகளில் அம்மாவைக் குளிப்பாட்ட வேண்டும், சாப்பாடு ஊட்ட வேண்டும். கடைசியாக அழைத்தபோது குரல் கம்மியிருந்தது. காய்ச்சலா என்றேன். “சும்மா காய்ச்சல். நீர் ஏறும்” என்றார். அதற்குப் பிறகு வந்தது அந்தப் படம்.

இறுதிக் கிரியைக்கு என்னால் வர முடியவில்லை. பதுளையிலிருந்து ஒருத்தி வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். கௌசலா அக்காவை எனக்கு யாரென்று சொல்லிக்கொண்டு அங்கே நிற்பது என்றும் தெரியவில்லை. கூட வேலை செய்தவர் என்பது உண்மைதான், ஆனால் போதாது.

சில நாட்கள் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அறையில் தனியாக இருந்தேன். யாரோ கைபேசியைப் பிடித்துக் கொடுத்திருக்க வேண்டும். வயதான பெண்குரல், தூரத்திலிருந்து தொடங்கிப் பிறகு கிட்ட வந்தது.

“பதுளைப் பிள்ளையோ? நான் கௌசலாவின்ர அம்மா.”

நான் எழுந்து நின்றேன். “சொல்லுங்கம்மா” என்றேன்.

“நீர்தானே அவளைப் போக வேண்டாம் எண்டு சொன்னது?”

இந்தத் தாயிடமிருந்து மகளைப் பிடித்துவைக்கப் பார்த்தவள் நான் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. பொய் சொல்ல வரவில்லை. “ஆமாங்கம்மா. நான்தான் சொன்னேன்” என்றேன்.

“அவள் அதை எனக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பாள். நான் ஏதும் ஏசினால், ‘உங்களுக்கென்ன தெரியும் அம்மா, என்னைப் போகாதேயுங்கோ எண்டு சொல்லவும் ஒருத்தி இருந்தவள்’ எண்டு சொல்லிச் சிரிப்பாள். ஏத்தம், குளிர், கை விறைச்சது எல்லாம் சொல்லுவாள்.” மூச்சுச் சத்தம் கேட்டது. “நான் அவளை வா எண்டுதான் சொன்னனான். தம்பியும் வா எண்டுதான் சொன்னவன். பிழையில்லை, எனக்கு ஆள் வேணும்தானே. ஆனா அங்க அவளுக்கு ஒரு ஆள் இருந்தது எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு. இஞ்ச எல்லாரும் அவளைப் பற்றி எழுதித் தருகினம். நல்ல மகள், நல்ல தமக்கை எண்டு. நீர் இதை எழுதும் பிள்ளை.”

அம்மா, நீங்கள் கேட்டபடி எழுதிவிட்டேன். அக்கா விட்டுப்போன பொருள் எதுவும் என்னிடம் இல்லை. இருவரும் சேர்ந்து நின்ற அந்தப் படத்தின் முழுப் பிரதிகூட என் கைபேசியில் இல்லை. நான் மனதில் இருப்பதை உரிய நேரத்தில் சொல்லிப் பழகியவள் அல்ல. வீட்டிலும் அலுவலகத்திலும் பேசாத பிள்ளை என்றுதான் பெயர். ஆனாலும் ஒருமுறை, சொல்ல வேண்டிய ஆளிடம், சொல்ல வேண்டிய நேரத்தில், ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். அது அவரை நிறுத்தவில்லை. அதை அவர் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார் என்பதை உங்களிடமிருந்து தெரிந்துகொண்டேன். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான்.